கையெழுத்துப் போட்டது யார்? இரு போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பாவைப் படிக்க ஒரு வழி

இரு உலகப் போர்களுக்கு இடையே ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் வந்த பாடம் என்றதும் பிள்ளைகள் முசோலினிக்கு ஒரு பத்தி, ஹிட்லருக்கு இரண்டு பத்தி என்று உருப்போட ஆரம்பித்துவிடுவார்கள். வெர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், பொருளாதாரப் பெருமந்தம், தலைவரின் பேச்சுத்திறமை என்று நாலு காரணம் எழுதினால் ஐந்து மார்க் நிச்சயம். மேல்நிலை வகுப்புக்கு வரலாறு எடுத்த காலமெல்லாம் இந்த நாலு காரணத்தைத் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்தது. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். டிஆர்பி, யுபிஎஸ்சி என்று படிக்கிற சிலர் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருகிற முறையைத்தான் எழுதுகிறேன். பரீட்சைக் கவலை இல்லாதவர்கள் இன்னும் நிம்மதியாகச் செய்யலாம்.

முறை ஒரு கேள்வியில் நிற்கிறது. எந்த நாட்டை எடுத்தாலும், சர்வாதிகாரிக்கு அதிகாரத்தைக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டது யார்? கூட்டம் எவ்வளவு, சட்டை என்ன நிறம், தலைவர் எப்படிக் கத்தினார் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் போன வருஷ மாதக் காலண்டரின் பின்பக்கத்தைப் பயன்படுத்துகிறேன், கடையில் சார்ட் வாங்க வேண்டியதில்லை. ஐந்து கட்டம் போடுங்கள்: நாடு, தேதி, வந்தவர், கையெழுத்துப் போட்டவர், காட்டிய சட்டம். பக்கத்தில் 1923-ஆம் ஆண்டு ஐரோப்பா வரைபடம் இருக்கட்டும். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு யூகோஸ்லாவியாவைத் தேடினால் கிடைக்காது.

ஜெர்மனியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கை அங்கேதான் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். கால வரிசையில் போங்கள். ஹங்கேரி 1920 மார்ச்: ஹோர்தியை ஆட்சிக் காவலராக (அரசருக்குப் பதிலாக ஆள்பவராக) சபை தேர்ந்தெடுத்தபோது கட்டடத்தைச் சுற்றி அவருடைய அதிகாரிகள் துப்பாக்கியோடு நின்றார்கள். இத்தாலி 1922 அக்டோபர். பல்கேரியா 1923 ஜூன்: விவசாயிகள் கட்சிப் பிரதமர் ஸ்தம்பொலீஸ்கியைக் கவிழ்த்து, பிடித்துக் கொன்றார்கள். ஸ்பெயின் 1923 செப்டம்பர்: தளபதி பிரிமோ டி ரிவேரா கிளர்ந்தார், அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோ அவரையே ஆட்சி அமைக்க அழைத்தார். போலந்து 1926 மே, போர்ச்சுகல் அதே மே, லித்துவேனியா அதே ஆண்டு டிசம்பர். யூகோஸ்லாவியா 1929 ஜனவரி 6: அரசர் அலெக்சாண்டர் அரசியலமைப்பைத் தானே ரத்து செய்தார்.

இங்கே நிறுத்தி, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது 1929 அக்டோபர். கோட்டுக்கு மேலே எட்டு நாடுகள் இருக்கின்றன. "மிஸ், அப்ப பெருமந்தம் காரணம் இல்லையா?" என்று வழக்கமாக ஒரு குரல் கேட்கும். இந்த எட்டுக்கு அது காரணமாக இருக்க வழியில்லை. இவற்றுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும்: சரிந்துபோன பேரரசுகள், அவசரமாக எழுதிய அரசியலமைப்புகள், ஆறு மாதம் நிற்காத கூட்டணிகள், போர் முடிந்தும் வேலை கிடைக்காத ராணுவ அதிகாரிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1917-இல் ரஷ்யாவில் நடந்தது தம் வீட்டு வாசலுக்கும் வந்துவிடுமோ என்று நிலக்கிழார்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் பிடித்த பயம். ஹங்கேரியில் 1919-இல் பேலா குன் என்பவரின் கம்யூனிஸ்ட் ஆட்சி 133 நாள் நடந்தது, அந்தப் பயம் சும்மா இல்லை. ஆனால் பயந்தவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

கோட்டுக்குக் கீழே: ஜெர்மனி, ஆஸ்திரியா 1933. எஸ்டோனியா, லாட்வியா, மறுபடியும் பல்கேரியா 1934. கிரீஸ் 1936. ருமேனியா 1938. ஸ்பெயின் குடியரசாகி, உள்நாட்டுப் போரில் விழுந்து, 1939-இல் தளபதி ஃபிராங்கோ கையில்.

இனி இத்தாலியை நிதானமாகச் செய்யுங்கள். மற்ற நாடுகள் பாதி இதிலேயே பிடிபட்டுவிடும்.

1921 மே தேர்தலில் முசோலினி கட்சிக்குக் கிடைத்தது 535-இல் 35 இடம். அதுவும் பழம்பெரும் லிபரல் தலைவர் ஜியோலிட்டி தன் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட புண்ணியத்தில். சோஷலிஸ்டுகளை அடக்க இவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம் என்பது கிழவரின் கணக்கு. தாளின் ஓரத்தில் இந்தக் கணக்கைக் குறித்துவையுங்கள். நாடு மாறும், கணக்கு மாறாது.

1922 அக்டோபர் கடைசியில் முசோலினியின் கறுப்புச் சட்டைப் படை ரோமை நோக்கிக் கிளம்பியது. பாடப்புத்தகம் 'ரோம் அணிவகுப்பு' என்று தடித்த எழுத்தில் போடும். மழையில் நனைந்து, பலர் கையில் ஒழுங்கான துப்பாக்கிகூட இல்லாமல் நகருக்கு வெளியே நின்ற கூட்டம் அது. ராணுவம் இறங்கியிருந்தால் கலைந்திருக்கும். பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்டம் பிறப்பிக்கும் ஆணையை எடுத்துக்கொண்டு 28-ஆம் தேதி காலை அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் போனார். அரசர் கையெழுத்துப் போட மறுத்தார். அமைச்சரவை பதவி விலகியது. முசோலினி அப்போது ரோமிலேயே இல்லை, மிலானில் இருந்தார். அழைப்பு வந்தபிறகு படுக்கை வசதி ரயிலில் ஏறி 30-ஆம் தேதி காலை தலைநகரில் இறங்கிப் பிரதமரானார். உங்கள் தாளில் நாலாவது கட்டத்தில் எழுத வேண்டியது: 'அரசர். ஒன்றில் போடவில்லை, அடுத்ததில் போட்டார்.'

அடுத்ததைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நவம்பரில் நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 306, எதிர்ப்பு 116. சொந்தக் கட்சிக்காரர்கள் 35 பேர்தான். மிச்சம் சுமார் 270 கை யாருடையது? லிபரல்கள், தேசியவாதிகள், கத்தோலிக்க மக்கள் கட்சி. அதே சபைதான் அடுத்த ஆண்டு அசெர்போ சட்டத்தையும் நிறைவேற்றிக் கொடுத்தது. நாலில் ஒரு பங்கு வாக்கு வாங்கி முதலிடத்தில் வந்தால் போதும், மூன்றில் இரண்டு பங்கு இடம் உங்களுக்கு என்று சொன்ன சட்டம்.

1924 தேர்தல் அடிதடியில் நடந்தது. மே 30 அன்று சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி சபையில் எழுந்து அந்த முறைகேடுகளை வரிசையாகச் சொன்னார். ஜூன் 10 அன்று அவரைக் கடத்திக் கொன்றார்கள். நாடே கொதித்தது, முசோலினி ஆடிப்போனார். எதிர்க்கட்சிகள் சபையை விட்டு வெளியேறி, அரசர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. அரசர் அசையவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அதே சபையில் நின்று, நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு, என்ன செய்வீர்கள் என்கிற தொனியில் பேசினார். யாரும் எதுவும் செய்யவில்லை. 1926-க்குள் மற்றக் கட்சிகள் காலி.

ஆகவே '1922-இல் முசோலினி சர்வாதிகாரி ஆனார்' என்று யாராவது எழுதினால் நான் அடித்துவிடுவேன். 1922-இல் அவர் கூட்டணிப் பிரதமர். கதவைச் சாத்த இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. உங்கள் தாளில் தேதிக் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: உள்ளே வந்த தேதி, கதவைச் சாத்திய தேதி. ஜெர்மனியில் இந்த இடைவெளி ஆறு மாதம்கூட இல்லை. 1933 ஜனவரி 30-இல் பதவி, ஜூலை 14-இல் வேறு கட்சி தொடங்கவே கூடாது என்று சட்டம்.

ஜெர்மனிக்கு வந்துவிட்டோம். இங்கே இரண்டு தவறான வாக்கியங்கள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, ஹிட்லர் தேர்தலில் பெரும்பான்மை பெற்று வந்தார். இன்னொன்று, ஹிட்லர் ஆட்சியைப் பறித்தார். இரண்டையும் எண்களை வைத்துச் சோதியுங்கள். நாஜிக் கட்சியின் வாக்கு: 1928-இல் 2.6 சதவீதம். 1930 செப்டம்பரில் 18.3. 1932 ஜூலையில் 37.3, அதுதான் சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம். நவம்பரில் 33.1, அதாவது இறங்குமுகம். பதவி கிடைத்தது இறங்கத் தொடங்கிய பிறகு. ஆட்சியில் உட்கார்ந்து, போலீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரிகளைச் சிறையில் தள்ளி நடத்திய 1933 மார்ச் தேர்தலில்கூட 43.9தான்.

தள்ளுவண்டியில் நோட்டுக் கட்டு கொண்டுபோகும் படத்தை ஹிட்லருக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். அது 1923-இன் பணவீக்கம். அந்த ஆண்டு நவம்பரில் அவர் மியூனிக்கில் செய்த கிளர்ச்சி ஒரே நாளில் பிசுபிசுத்தது. ஐந்து ஆண்டு கழித்துக் கிடைத்த வாக்குதான் அந்த 2.6. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பைப் பணவீக்கம் கரைத்தது, அந்தக் கசப்பு தங்கியது, அது உண்மை. ஆனால் 1930-32 காலத்துத் துன்பம் நேரெதிர் வகை: விலை இறங்கியது, சம்பளத்தை வெட்டினார்கள், 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம்.

அந்தக் காலத்தில் நாடாளுமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தனியாக ஒரு சின்னப் பட்டியல் போடச் சொல்வேன். 1930-இல் ரைக்ஸ்டாக் (ஜெர்மன் நாடாளுமன்றம்) இயற்றிய சட்டம் 98, குடியரசுத் தலைவரின் அவசர ஆணை 5. 1931-இல் சட்டம் 34, ஆணை 44. 1932-இல் சட்டம் 5, ஆணை 66. அந்த ஆண்டு முழுக்க சபை கூடியது 13 நாள். மூன்று வரிதான், ஆனால் பிள்ளைகள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். ஹிட்லர் வருவதற்கு முன்பே நாடாளுமன்றத்தின் வேலை அதன் கையை விட்டுப் போய்விட்டது. 1930 மார்ச்சில் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை ஏற்றுவதா வேண்டாமா என்ற சண்டையில் ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி உடைந்தது. பிறகு சான்சலராக (நம் பிரதமர் மாதிரி) வந்த ப்ரூனிங், பாப்பன், ஷ்லைஹர் மூவரும் பெரும்பான்மை இல்லாமல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தில் ஆண்டவர்கள். ஆயுதம், அவசர ஆணை போட வழிவிட்ட அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு.

குரூப் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு வைமர் என்ற பெயர் ஒரு மார்க் கேள்வியில் அறிமுகமாகியிருக்கும்: நெருக்கடிநிலையின்போது அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை நாம் எங்கிருந்து எடுத்தோம்? ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசுக்கு அந்தப் பெயர், அந்த வைமர்தான் இது. நம் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த ஏற்பாடுகளை எதிர்த்தபோது வைமரைத்தான் சுட்டிக்காட்டினார். ஒரு மார்க்கோடு விட்டுவிடாமல் அந்த விவாதத்தையும் படித்துப்பாருங்கள்.

கையெழுத்து ஹிண்டன்பர்க்குடையது. வயது 85. 1932 ஏப்ரலில் இவர் ஹிட்லரை 53-க்கு 36.8 என்று தோற்கடித்துத்தான் மீண்டும் தலைவரானார். ஹிட்லர் வந்துவிடக்கூடாது என்று சமூக ஜனநாயகவாதிகள்கூட இந்த முடியாட்சி விசுவாசிக்கு வாக்களித்தார்கள். பத்து மாதம் ஆவதற்குள் அவரே ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார். காதில் ஓதியவர் பாப்பன். அமைச்சரவையில் நாஜிகள் மூன்று பேர்தான், துணைச் சான்சலர் நான், ஆளை நாம் வளைத்துவைத்திருக்கிறோம் என்பது அவருடைய நினைப்பு. ஜியோலிட்டி கணக்கைத் தாளின் ஓரத்தில் எழுதினீர்களே, அதற்குக் கீழே பாப்பன் பெயரையும் எழுதிவிடுங்கள்.

பிப்ரவரி 27 ரைக்ஸ்டாக் தீ, மறுநாளே 48-ஆவது பிரிவின்படி பேச்சு, பத்திரிகை, கூட்டம் எல்லா உரிமையும் ரத்து. மார்ச் 23 அன்று க்ரோல் ஓப்பரா மாளிகையில் அதிகாரமளிப்புச் சட்டம். இந்த வாக்கெடுப்பைக் கணக்காகவே செய்துபாருங்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. 81 கம்யூனிஸ்டுகளில் ஒருவரையும் சபைக்குள் விடவில்லை. வாக்களித்த 538 பேரில் மூன்றில் இரண்டு என்றால் 359 வேண்டும். நாஜிகள் 288, கூட்டாளி தேசிய மக்கள் கட்சி 52, கூட்டினால் 340. பற்றவில்லை. மேலே நூற்றுச் சொச்சம் கை எங்கிருந்து வந்தது? கத்தோலிக்க மையக் கட்சி, பவேரிய மக்கள் கட்சி, மிஞ்சியிருந்த சில லிபரல்கள். தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் உறுதிமொழி கிடைத்தது என்று நம்பிப் போட்டவர்கள் உண்டு, வாசலில் நின்ற சீருடைக்காரர்களைப் பார்த்துப் பயந்து போட்டவர்கள் உண்டு. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகவாதிகள். அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்துப் பேசினார். அந்த உரை கிடைக்கிறது, வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள்.

ஆஸ்திரியாவை நான் எப்போதும் ஜெர்மனிக்கு அடுத்த நாளே எடுப்பேன், தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால். 1933 மார்ச் 4, வியன்னா. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் பற்றி வாக்கெடுப்பு. சபையில் இரு தரப்பும் மயிரிழை வித்தியாசத்தில் இருந்தன. வாக்குச் சீட்டை எண்ணினால், ஒரே உறுப்பினரின் பெயரில் இரண்டு சீட்டு. பக்கத்து இருக்கைக்காரரின் சீட்டை ஒருவர் போட்டுவிட்டார். கூச்சல். சபைத் தலைவருக்கு வாக்கு கிடையாது, அதனால் சோஷலிஸ்ட் கட்சியின் கார்ல் ரென்னர் தன் கட்சிக்கு ஒரு வாக்குக் கூடட்டும் என்று தலைவர் பதவியை விட்டார். அடுத்த தலைவர், ஆளுங்கட்சிக்காரர், அவரும் விட்டார். மூன்றாமவரும் விட்டுவிட்டார். கூட்டத்தை முடித்துவைக்கக்கூட ஆள் இல்லை, உறுப்பினர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

சான்சலர் டோல்ஃபுஸ், நாடாளுமன்றம் தன்னைத்தானே முடித்துக்கொண்டது என்று அறிவித்துவிட்டார். 15-ஆம் தேதி மறுபடி கூட வந்தவர்களைப் போலீஸ் தடுத்தது. காட்டிய சட்டம் எது தெரியுமா? 1917-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசு போர்க்காலப் பொருளாதாரத்துக்காகப் போட்ட அதிகாரமளிப்புச் சட்டம். பேரரசே போய்விட்டது, சட்டத்தை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தாவது கட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொழிலாளர் குடியிருப்புகள் மீது பீரங்கி சுட்டது. ஜூலையில் டோல்ஃபுஸையே நாஜிகள் கொன்றார்கள்.

போலந்தில் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்தால் போதும்: உதவியவர்கள். தளபதி பில்சுட்ஸ்கி 1926 மே மாதம் படையோடு வார்சாவுக்கு வந்தபோது அவருக்குக் கைகொடுத்தது இடதுசாரிகள். ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அரசுக்கு ஆதரவான படைகள் நேரத்துக்கு வந்துசேரவில்லை. மூன்று நாள் சண்டையில் 379 பேர் இறந்தார்கள். 1930-இல் எதிர்க்கட்சித் தலைவர்களைப் பிரெஸ்ட் கோட்டையில் அடைத்தபோது, அதில் அதே சோஷலிஸ்ட் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

தாள் நிறைந்ததும் வண்ணப் பேனா எடுங்கள். எல்லாவற்றையும் 'பாசிசம்' என்று ஒரே நிறத்தில் அடிக்காதீர்கள். அரசரே சர்வாதிகாரியான யூகோஸ்லாவியாவுக்கு ஒரு நிறம். தளபதிகளுக்கு ஒன்று. வெகுஜனக் கட்சியும் சீருடைப் படையும் சேர்ந்து வந்த இத்தாலி, ஜெர்மனிக்கு ஒன்று. இந்த மூன்றாவது நிறம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். எஸ்டோனியா எந்த நிறத்திலும் சரியாக உட்காராது. அங்கே போர்வீரர் சங்கம் என்ற வலதுசாரி இயக்கம் பொதுவாக்கெடுப்பில் ஜெயித்து, தலைவருக்கு அதிகாரம் குவிக்கும் புது அரசியலமைப்பைக் கொண்டுவந்தது. தேர்தலில் அவர்கள் ஆளே ஜெயிக்கும் நிலை. 1934 மார்ச் 12 அன்று ஆட்சியிலிருந்த பேட்ஸ், அவர்கள் எழுதிய அரசியலமைப்பின் அதிகாரத்தை வைத்தே அவர்களைப் பிடித்து உள்ளே போட்டார். கூடவே ஜனநாயகத்தையும் மூடிவிட்டார்.

தப்பித்த நாடுகளுக்கு இன்னொரு தாள் தேவை. பயிற்சி மையங்கள் இதைத் தொடுவதே இல்லை, எனக்கு அது பெரிய குறை. பின்லாந்தை எடுங்கள். கம்யூனிஸ்டுகளை ஒழிக்கிறோம் என்று கிளம்பிய லாப்புவா இயக்கம் 1930 அக்டோபரில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஸ்டோல்பெர்க்கையும் அவர் மனைவியையும் காரில் கடத்திக்கொண்டு போய், சோவியத் எல்லைப் பக்கம் யோன்சூ என்ற ஊரில் விட்டது. அதே இயக்கத்தின் ஆதரவில் 1931-இல் குடியரசுத் தலைவரானவர் ஸ்வின்ஹுஃப்வுட், பழுத்த வலதுசாரி. 1932 பிப்ரவரி இறுதியில் மான்ட்சாலாவில் ஆயுதத்தோடு கூடிக் கிளர்ச்சி தொடங்கினார்கள், நம் ஆள்தானே மேலே இருக்கிறார் என்ற தைரியம். இத்தாலிய அரசர் நின்ற அதே இடத்தில் இவர் நின்றார். மார்ச் 2 அன்று வானொலியில் பேசினார்: சாதாரண ஆட்கள் வீட்டுக்குப் போங்கள், தண்டனை தலைவர்களுக்குத்தான். சில நாளில் கூட்டம் கலைந்தது. பிறகு இயக்கத்தைத் தடை செய்தார்கள், கம்யூனிஸ்டுகளை அடக்க இவர்களே கேட்டு வாங்கிய சட்டத்தைக் காட்டி.

பெல்ஜியத்தில் 1937 ஏப்ரல் பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தல். பாசிசச் சாயலுள்ள ரெக்ஸ் கட்சியின் டெக்ரெல் நிற்கிறார். கத்தோலிக்கர், லிபரல், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் எல்லோரும் பிரதமர் வான் ஜீலாண்ட் ஒருவரையே ஆதரித்தார்கள். டெக்ரெலுக்கு ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. டென்மார்க்கில் 1933 ஜனவரி 30, ஹிட்லர் பதவியேற்ற அதே நாள், பிரதமர் ஸ்டவ்னிங்கின் வீட்டில் உட்கார்ந்து தொழிலாளர் கட்சியும் விவசாயிகள் கட்சியும் பேரம் பேசி ஒப்பந்தம் முடித்தார்கள். வேலையின்மை அங்கேயும் கடுமைதான். பெருமந்தம் பற்றிய கேள்வி மறுபடி வந்தால் இந்தத் தேதியை எடுத்துக் காட்டுங்கள்.

ருமேனியாவை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன், அது உங்களுக்கு வீட்டுப்பாடம். தொடங்க நாலு துப்பு தருகிறேன். 40 சதவீதம் வாங்கிய கட்சிக்குப் போனஸ் இடம் தரும் தேர்தல் சட்டம் அங்கே இருந்தது. அசெர்போ சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 1937 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியால் அந்த 40-ஐத் தொட முடியவில்லை. அரசர் இரண்டாம் கரோல் வெறும் 9 சதவீதம் வாங்கிய கோகாவின் கட்சியைக் கூப்பிட்டு ஆட்சி கொடுத்தார், ஆறே வாரத்தில் அதையும் கலைத்தார். 1938 பிப்ரவரி 24 அன்று புது அரசியலமைப்புக்கு மக்கள் சம்மதம் கேட்டார்கள். வாக்குப் பெட்டி இல்லை, ஆமாம், இல்லை என்று அதிகாரி முன்னால் வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்துக் கட்டத்தில் எத்தனை பெயர் வருகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.